படத்தில் விழாத வயர்

மகள்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "எழுதி அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னேன். நீ சிரித்தாய். "வாப்பா, இது பேப்பருக்குப் போற நியூஸ் இல்ல" என்றாய். உண்மைதான். ஆனால் ஆயுள் முழுதும் செய்தி எழுதிப் பிழைத்தவனுக்கு, ஒரு விஷயத்தை எழுதிப் பார்க்கும்வரை அதைப் பற்றித் தான் என்ன நினைக்கிறான் என்பதே சரியாகத் தெரிவதில்லை. நீ வடிவமைத்த கரண்ட் பாதுகாப்புப் பெட்டியைக் கொழும்புக் கம்பனி ஒன்று செய்து விற்க முன்வந்திருக்கிறது. ஒப்பந்தம் வந்துவிட்டது. இந்தக் கிழமை முடிவதற்குள் நீ ஒப்பம் வைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பந்தியை எனக்கு வாசித்துக் காட்டினாய். இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி நீ போட்டிருக்கும் வரைபடத்தை இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைச் செய்வது பற்றியோ திருத்துவது பற்றியோ எவருக்கும் வாயாலும் எழுத்தாலும் ஆலோசனை சொல்லக் கூடாது. "மத்ததெல்லாம் நல்லா ஈக்கி வாப்பா. இது மட்டும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. ஒப்பம் வெக்கவா, வேணாமா?" என்றாய்.

பதிலுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தனக்கு ஆதாயம் உள்ள விஷயத்தைப் பற்றி எழுதும் நிருபர் அதை முதலிலேயே வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்பது நான் கடைப்பிடித்து வந்த ஒழுங்கு. எனக்கு இதில் ஆதாயம் உண்டு. அந்தக் கம்பனிப் பணம் கிடைத்தால் நீ கொழும்பு வேலையை விட்டுவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சொந்தமாக ஒரு வேலைத்தளம் போடுவதாகச் சொல்லியிருக்கிறாய். எனக்குப் படி ஏறுவது கஷ்டமாகிவிட்டது. உம்மாவுக்குச் சீனி வருத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நீ வீட்டுக்கு வருவதை நாங்கள் இருவரும் விரும்புகிறோம். உம்மா மேல் மாடி அறையிலிருந்து பழைய அலுமாரியை இறக்கியும் ஆயிற்று. ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

நீ செய்தது பெரிய கண்டுபிடிப்பு இல்லை என்று நீயே சொல்லுவாய். சுவரில் இருக்கும் ப்ளக்குக்கும் இயந்திரத்துக்கும் இடையில் பொருத்தும் கையளவுப் பெட்டி. இயந்திரத்தின் உடம்பில் கரண்ட் கசிந்தால் கண் சிமிட்டுவதற்குள் அது துண்டித்துவிடும். இந்த வேலையைச் செய்யும் சாமான்கள் கடையில் உண்டு, விலைதான் கூட. நீ அதைப் பழுதாகிக் குப்பையில் போடும் பல்புகளிலும் சார்ஜர்களிலும் இருந்து கழற்றிய துண்டுகளைக் கொண்டு செய்ய முடியும் என்று காட்டினாய். பிறகு அதன் படத்தை எல்லோருக்குமாக வெளியிட்டாய். ஏன் இந்தப் பெட்டியை நினைத்தாய் என்று யாராவது கேட்டால் "எங்கட ரவூப் மாமாவால" என்கிறாயாம். மாமாவின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அது நடந்த மிளகுக் காலத்தில் நீ பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்குள் இருந்தாய். ஒரு நாள் வந்தபோது கையில் கட்டுப் போட்ட கலகெதர ஸரீனாவைப் பார்த்தாய். முன்னும் பின்னும் நடந்ததை உனக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. மாமாவிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார். நான் கூடவே இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

உம்மாவோடு கூடப் பிறந்த நானா ரவூப், பிலிமத்தலாவையில் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பது உனக்குத் தெரியும். வோஷிங் மெஷின், மின்விசிறி, ரைஸ் குக்கர் என்று வருவதையெல்லாம் பார்ப்பார். அவர் வீட்டுத் தோட்டத்தில் மிளகும் உண்டு. மிளகு பறித்த பிறகு கொத்திலிருந்து மணியை உதிர்ப்பது சிரமமான வேலை. காலால் மிதிப்பார்கள், அல்லது கையால் உருட்டுவார்கள். மாமியின் உள்ளங்கை அந்தக் காலம் முழுதும் வெடித்திருக்கும். சோற்றில் கை வைத்தால் எரியும். ஒருவர் திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத வோஷிங் மெஷின் ஒன்று கடையின் மூலையில் கிடந்தது. மாமா அதன் உள் பீப்பாயைக் கழற்றி, ஓட்டைகளைப் பெரிதாக்கி, அதைப் படுக்க வைத்து, மோட்டாரைப் பொருத்தி, ஒரு பக்கத்தில் வாய் வெட்டினார். கொத்தைப் போட்டால் மணி கீழே கொட்டியது, காம்பு உள்ளே நின்றது. மாமி முதல் நாள் பார்த்துவிட்டுச் சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடுகிறது. "உடுப்புக் கழுவுற மெஷின்ல மிளகு போடுறீங்க. நாளைக்கு எங்கட உடுப்பெல்லாம் தும்மப் போகுது."

பார்த்தவர்கள் கேட்டார்கள். மாமா காட்டினார். மின்விசிறி திருத்தக் கொண்டுவந்த ஒருவர், மாமா இயந்திரத்தில் கொத்துப் போடுவதைப் போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். அந்த வீடியோ ஊர் ஊராகப் போய்விட்டது. பக்கத்துக் கடை ஹாஜியார் அப்போதே சொன்னார். "ரவூப், இதுக்கு ஒரு பேட்டன்ட் எடுங்க. இல்லாட்டி நாளைக்கு வேற ஒருத்தன் எடுத்துட்டு ஒங்களையே செய்ய விட மாட்டான்." மாமா ஸ்குரூவைத் திருகிக்கொண்டே சொன்ன பதிலை நான் கேட்டேன். "மெஷின் ஜப்பான்காரன் செஞ்சது, மிளகு அல்லாஹ் செஞ்சது. நான் ஓட்டையக் கொஞ்சம் பெருசாக்கினேன். அதுக்குப் போய்ப் பேட்டன்டா ஹாஜியார்?" ஹாஜியார் விடவில்லை. "அந்த ஓட்டையத்தானே ஊரே பாக்குது" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு எனக்கு அது நல்ல வேடிக்கைப் பேச்சாக மட்டுமே பட்டது.

அடுத்த மிளகுக் காலத்தில் கலகெதரப் பாதையில் போனால் வீட்டு முற்றங்களில் அந்த இயந்திரத்தின் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒரு வேடிக்கையும் கவனித்தோம். மாமாவுக்கு இடது கைப் பழக்கம். தன் வசதிக்காக வாயை இடது பக்கத்தில் வெட்டியிருந்தார். பார்த்துச் செய்தவர்கள் எல்லோரும் வலது கைக்காரர்கள். ஆனாலும் ஒருவர் தவறாமல் இடது பக்கத்திலேயே வெட்டியிருந்தார்கள். கஷ்டப்பட்டு உடம்பைத் திருப்பிக்கொண்டு கொத்துப் போட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீடியோவில் அப்படி இருந்தது, அவ்வளவுதான். மாமா அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் ஆட்டோவின் ஹேண்டிலில் தட்டிச் சிரிப்பார்.

சிரிப்பு ஸரீனாவோடு நின்றது. அவள் கலகெதரையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் இம்தியாஸின் மனைவி. இம்தியாஸ் அந்த வீடியோவைப் பார்த்துத் தானே ஒரு இயந்திரம் செய்திருந்தான். மழை விட்ட ஒரு முற்பகலில், ஈர முற்றத்தில் செருப்பில்லாமல் நின்று அவள் கொத்துப் போட்டபோது கரண்ட் அடித்து எறிந்தது. மணிக்கட்டு முறிந்தது. கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். செய்தி வந்ததும் மாமாவும் நானும் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு இம்தியாஸின் வீட்டுக்குப் போனோம். மாமா இயந்திரத்தைச் சுற்றி வந்தார். மூன்று ஓட்டையுள்ள சுவர்ப் ப்ளக்கில் இரண்டு வயரை மட்டும் செருகி, அந்த இரண்டும் திறந்து நிற்பதற்காக மேல் ஓட்டையில் ஒரு பேனா மூடியைக் குத்தியிருந்தான் இம்தியாஸ். கசியும் கரண்ட்டை ஆளின் உடம்பு வழியாகப் போக விடாமல் மண்ணுக்குள் இறக்கும் பச்சை வயர், அதாவது ஏர்த் வயர், இல்லவே இல்லை.

"ஏர்த் எங்க இம்தியாஸ்?"

"வீடியோவுல இல்லையே நானா."

மாமா என்னைப் பார்த்தார். அவருடைய கடையில் இருக்கும் இயந்திரத்தில் அந்த வயர் இருக்கிறது. பின்பக்கத்தில் இருக்கிறது. படம் பிடித்தவர் முன்னால் நின்று பிடித்தார். முன்னால் தெரிந்த ஒவ்வொன்றும், வாய் எந்தப் பக்கம் என்பது உட்பட, அப்படியே ஊருக்குப் போனது. பின்னால் இருந்தது போகவில்லை.

அன்று மத்தியானமே மாமா கடையை மூடினார். "மச்சான், இந்த மாதிரி எத்தன ஈக்கும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கம்பனி விற்றிருந்தால் எண் இருந்திருக்கும், விற்ற கடை இருந்திருக்கும். திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று அறிவித்திருக்கலாம். சும்மா கொடுத்த பொருளுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. "ஆள் தேடுறது ஒங்கட வேலதானே. வாங்க" என்றார். அவருடைய ஆட்டோவில் ஒரு சுருள் பச்சை வயரையும் மண்ணில் அடிக்கும் செம்புக் கம்பிகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

நான் எத்தனையோ பேரைத் தேடிப் போயிருக்கிறேன். ஓடி ஒளிந்தவர்கள், கோபத்தில் இருந்தவர்கள், துக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரையும் பேச வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயணத்தில் நான் கண்ட பொய்களைப் போல வேறெங்கும் கண்டதில்லை. ஒரு வீட்டில் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆட்டோவை நிறுத்தினோம். நாங்கள் இறங்குவதற்குள் சத்தம் நின்றது. வெளியே வந்த மனிதரின் தலைமுடியிலும் புருவத்திலும் மிளகுத் தூசு. முற்றத்தில் நீலப் பிளாஸ்டிக் படங்கு போர்த்திய ஒன்று நின்றது. மாமா தன் பெயரையும், மிளகு மெஷினை முதலில் செய்தது தானே என்பதையும் சொல்லி விசாரித்தார்.

"மெஷினா? எங்கக்கிட்ட அப்பிடி ஒண்ணும் இல்லையே பாஸ்" என்றவர் தும்மினார்.

"அப்ப இது என்னது?"

"மாட்டுத் தீனி."

"மாடு எங்க?"

"அத வித்தாச்சு."

அவருடைய மனைவி கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்குவது எங்களுக்குக் கேட்டது. மாமா படங்கைத் தூக்கவில்லை. இன்னொருவர் வீட்டுப் படங்கைத் தூக்கும் ஆள் இல்லை அவர். திரும்பும்போது அந்த மனிதர் கூடவே படலைவரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பாஸ், இந்த வருஷம் மிளகு வெலையும் இல்ல. அடுத்த வருஷம் ஒங்களுக்கு ஏதாச்சும் பாத்துச் செய்றேன். கோவிச்சுக்க வேணாம்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மாமா தன் பங்கைக் கேட்டு வந்திருக்கிறார் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். அவர் மட்டுமில்லை, போன வீட்டிலும் அதற்கு முந்திய வீட்டிலும் அதேதான். கண்டுபிடித்தவர் ஆட்டோ எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார் என்றால் வேறு எதற்கு வருவார்? உயிரைக் காப்பாற்றப் போனவரைப் பார்த்து ஒரு பக்கம் முழுதும் இயந்திரங்கள் படங்குக்குள் ஒளிந்துகொண்டிருந்தன. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த மாமா சாவியைத் திருப்பவில்லை. "சும்மா எடுத்துக்கோங்கன்னு நான் எப்ப சொன்னேன் மச்சான்?" என்றார். "சொல்லவே இல்ல. காட்டினேன், அவ்வளவுதான். அவங்க களவு எடுத்த மாதிரியில்ல நெனச்சுக்கிட்டு ஈக்கிறாங்க."

இதை நீ கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்றைத் தடுக்காமல் விடுவதும் கொடுப்பதும் ஒன்றில்லை. தடுக்காமல் விட்டதை எடுத்தவனுக்கு உள்ளே ஒரு உறுத்தல் இருக்கும். அந்த உறுத்தல் அவனை உன்னிடம் கொண்டுவராது. உன்னைக் கண்டால் ஒளிய வைக்கும். எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகுமுன், ஊரை விட்டுப் போகுமுன், ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக்கொள்கிறோம். என்னுடையதில் நீங்கள் ஏதாவது எடுத்திருந்தால், அது இப்போது உங்களுடையது; மறுமையில் நான் கேட்க மாட்டேன் என்று வாயால் சொல்லுகிறோம். மனதில் நினைத்தால் போதாது. சொல்ல வேண்டும், கேட்டவர் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கலகெதரப் பக்கத்துப் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அறிவிக்கும்படி மாமா பள்ளித் தலைவரிடம் கேட்டார். தலைவர் "ஒங்கட வாயாலயே சொல்லுங்க, அதுதான் முறை" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். மாமா கூட்டத்தில் பேசிப் பழகாதவர். மைக்கையும் இடது கையில்தான் பிடித்தார். "மிளகு மெஷின் பாத்துச் செஞ்ச எல்லாருக்கும் நான் அத ஹலாலாக்கிட்டேன். சல்லி கேக்க வரல்ல. பின்னால ஒரு பச்ச வயர் ஈக்கி, அது வீடியோவுல விழல்ல. அந்த வயர் இல்லாட்டி ஆள் மௌத்தாகும். எனக்கு ஒரு கோல் தாங்க, நான் வந்து போட்டுத் தாறேன்." பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்கட பக்கத்து வீட்டு பண்டாவும் செஞ்சு வெச்சீக்கிறாரே. அவருக்கும் ஹலாலா?" பள்ளி சிரித்தது. "பண்டாவுக்கும்தான். அவர்ட்ட மொதல்ல சொல்லுங்க" என்றார் மாமா.

அன்று பின்னேரமே போன் அடிக்கத் தொடங்கியது. மாட்டுத் தீனிக்காரர் முதலில் எடுத்தார். பண்டா தானே வந்து கூட்டிப் போனார். அவர் வழியாகச் சிங்கள வீடுகளுக்குச் செய்தி போனது. போன இடமெல்லாம் மாமா கம்பி அடித்து, வயர் பூட்டி, ஏன் அது வேண்டும் என்பதையும் சொன்னார். நான் ஆட்டோவில் உட்கார்ந்து கோல் எடுத்தேன்.

கடுகண்ணாவையிலிருந்து வந்த கோல் மற்றவை போல இல்லை. செல்வராஜ் என்ற இளைஞன், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, அப்போது ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் மாமனாருக்காக மிளகு இயந்திரம் செய்திருந்தான். நாங்கள் போய் இறங்கியதும், "வாங்க பாஸ், உள்ள வாங்க. டீ குடிச்சுட்டே பேசுவோம். உங்க மெஷின்ல ஒரு கொறை இருக்கு, சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான். அவன் மோட்டாரை இயந்திரத்தின் உடம்பில் பூட்டவில்லை. தள்ளி ஒரு பலகையில் வைத்து, நடுவில் ரப்பர் பட்டி போட்டுச் சுழற்றியிருந்தான். மோட்டாரில் கரண்ட் கசிந்தாலும் கொத்துப் போடுகிறவரின் கை படும் இடத்துக்கு அது வர வழியில்லை. மாமா குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இத ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்றார். கோபம் போலவே இருந்தது.

"உங்கள எங்க பாஸ் தேடுறது? வீடியோவுல மூஞ்சியே இல்லையே. கை மட்டும்தான் இருக்கு. அந்தக் கைக்கு நான் எப்படிக் கோல் எடுக்கிறது?"

மாமா சிரித்துவிட்டார். ஆனால் அன்று திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சுத்தான். ஸரீனா விழுவதற்கு முன்பே அதற்கான மருந்து கடுகண்ணாவையில் இருந்திருக்கிறது. மாமாவுக்குத் தெரிந்திருந்தால் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். செய்தி போகும் பாதை இருந்தது. திரும்பி வரும் பாதை இல்லை. பிறகு செல்வராஜும் மாமாவும் சேர்ந்து ஒரு புது வீடியோ எடுத்தார்கள். முன், பின், இரண்டு முகம், போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. அது பழையதன் அளவுக்குப் பரவவில்லை. பழையது வேடிக்கையாக இருந்தது; புதியது பாடம் போல இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதை ஒரு நல்ல மனிதரின் கதையாக மட்டும் நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலம் முழுதும் கடை மூடிக் கிடந்தது. வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சிலர் திரும்பவே இல்லை. சாப்பாட்டில் கை வைத்தால் போன் அடிக்கும். "அண்டைக்கு ஹாஜியார் சொன்ன மாதிரி பேட்டன்ட் எடுத்திருந்தா, இந்தக் கோலையெல்லாம் கம்பனிக்காரன் எடுப்பான். நீங்க ஒரு வாய் சோறு தின்பீங்க" என்று மாமி சொன்னதில் பிழை இல்லை. எல்லா இயந்திரங்களையும் கண்டுபிடித்தோம் என்றும் சொல்ல முடியாது. இன்றைக்கும் மிளகுக் காலம் வந்தால் மாமா நிம்மதியாக இருப்பதில்லை. நான் பேசும்போது என்னைப் பாதியில் நிறுத்தி, தூரத்துச் சத்தத்துக்குக் காது கொடுப்பார்.

கம்பனிக்காரர்கள் உன்னிடம் சொன்ன காரணத்தை நான் யோசித்துப் பார்த்தேன். அரைகுறையாகச் செய்த பாதுகாப்புப் பெட்டி, பெட்டி இல்லாததைவிட ஆபத்து. இருக்கிறது என்ற தைரியத்தில் ஆட்கள் கவனம் இல்லாமல் நடப்பார்கள் என்றார்களாம். அது சாட்டு இல்லை, சரியான வாதம். ஸரீனா ஒரு நாளும் ஈயம் உருக்கி ஒட்டப் போவதில்லை. அவளுக்குத் தேவை படம் இல்லை. பரிசோதித்து முத்திரை குத்தி, பக்கத்துக் கடையில் வாங்கக் கிடைக்கும் பெட்டி. அதை உன்னால் தனியாகச் செய்ய முடியாது, அவர்களால் முடியும். ஆகவே செய்யும் உரிமையையும் விற்கும் உரிமையையும் கொடு. உழைப்புக்கு விலை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் செய்தியைப் பெயர் போடாமல் எடுத்துப் போட்ட பத்திரிகைகளோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சண்டைகளில் என்னை உண்மையாக உறுத்தியது பெயர் இல்லை. நான் ஒரு பிழை விட்டு, மறுநாள் எங்கள் பத்திரிகையில் திருத்தம் போடுவேன். எடுத்தவர்கள் போட மாட்டார்கள். என் பிழை அவர்களின் தாளில் சரியானதாகவே நின்றுகொண்டிருக்கும். திருத்தத்தை அனுப்ப எனக்கு வழி இருந்திருந்தால், செய்தியை இனாமாகவே கொடுத்திருப்பேன்.

உன் பெட்டியைப் பார்த்துச் செய்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மன்னாரில் ஒரு ஆசிரியர் மாணவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னாய். மாத்தளையிலிருந்து ஒரு பெண், மின்விசிறி ஓடும்போது பெட்டியில் ஒரு துண்டு சுடுகிறது என்று எழுதினாள். நீ பார்த்து, அது உண்மை என்று கண்டு, படத்தை மாற்றினாய். மாற்றுவதற்கு முன் எடுத்துச் செய்தவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது. இப்போது அந்தப் பந்தியைத் திரும்பப் படித்துப் பார். படத்தை இறக்கினால் அந்தப் பெட்டிகள் சுவரிலிருந்து இறங்கிவிடாது. அவை இருக்கும் இடத்திலேயே இருக்கும். பதில் சொல்லும் ஆள் மட்டும் இல்லாமல் போவாள். "சுடுகிறது, என்ன செய்யட்டும்?" என்று ஒருவர் கேட்டால், என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த நீ, ஒப்பம் வைத்த குற்றத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பாதுகாப்புக்காக என்று சொல்லும் ஒரு பந்தி செய்யப் போவது இதைத்தான். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வழக்கறிஞர் வழக்கமாகப் போடும் வரியாகக்கூட இருக்கலாம். எழுதியவர் இந்தப் பெட்டியைச் செய்து வீட்டில் மாட்டியிருக்கும் ஒருவரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

கண்டுபிடிப்பு எல்லாம் எல்லோருக்கும் பொது என்று சொல்லுகிறவர்களும், எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டும் என்பவர்களும் கொடுக்கும் நிமிஷத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்த்த அளவில் கஷ்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே என் யோசனை இது. படத்தை இறக்குவதா என்பதில் அவர்களோடு பேரம் பேசு. இருக்கட்டும் என்று கேள். செல்வராஜைப் போல ஒருவர் உன் குறையைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. ஆனால் அதில் நீ தோற்றாலும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பந்தியின் இரண்டாவது பாதியில் மட்டும் தோற்காதே. செய்தவர்களுக்குப் பதில் சொல்லும் உரிமை உன்னிடம் இருக்க வேண்டும். அந்த வரியை வெட்டச் சொல். வெட்டினால் சந்தோஷமாக ஒப்பம் வை. வெட்ட மாட்டோம் என்றால் பேனையை மூடிவிட்டு எழும்பிப் போ.

அவர்கள் வெட்ட மாட்டார்கள் என்றால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பணம் இல்லை, வேலைத்தளம் இல்லை, நீ கொழும்பில்தான் இருப்பாய். இதுவரை எழுதியதை இன்று காலை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்.

"அப்ப அவ ஒப்பம் வெக்காட்டி, இங்க வர மாட்டா?"

"இப்போதைக்கு வர ஏலா."

"வெச்சா, ஸரீனா மாதிரி ஒரு புள்ள கோல் எடுத்துக் கேட்டாலும் இவ பேசாம ஈக்கணும்?"

"ஓ, ஈக்கத்தான் வேணும்."

உம்மா கீரைத் தட்டை ஒரு பக்கம் வைத்தார். "வெக்க வேணாம்னு நான் சொன்னதாவும் எழுதுங்க" என்றார்.